மாத்திரைச் சக்களத்தி

அபிராமம்
12.6.2024

அன்புள்ள கனகுக்கு,

வேல்ராஜ் எழுதுவது. கடிதத்தைப் பார்த்ததும் பதறிவிடாதே. வீட்டில் எல்லாரும் சௌக்கியம். எல்லாரும் என்றால் நான், பசு, போன வாரம் அது போட்ட கிடேரிக் கன்று. போனில் எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். "சாப்டியா, தூங்குனியா" என்பதோடு நாக்கு நின்றுவிடும். கல்யாணமான புதிதில் நான் மஸ்கட்டில் கிடந்த நாலு வருஷமும் காகிதத்தில்தானே நாம் குடும்பம் நடத்தினோம்? அதனால்தான் மறுபடி பேனாவை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை மாலதியிடம் பேசிக்கொண்டிருந்தேன். நாலாவது ஊசி எப்படி ஏறியது, வாய்ப்புண் ஆறியதா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். முதலில் மூக்கால் ஒரு உறுமல், அப்புறம் மூச்சு முட்டி ஒரு நிறுத்தம், அப்புறம் பொலபொலவென்று. அப்படிச் சிரிக்கிறவளை இருபத்தேழு வருஷமாக எனக்குத் தெரியும். தை மாதம் மதுரையில் உன் மார்பை எடுத்ததிலிருந்து அந்தச் சத்தம் என் காதில் விழவே இல்லை.

சந்தோஷப்பட வேண்டியவன் நான். ஆனால் வயிறு எரிந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன். உனக்கு முடி கொட்டியபோது துணைக்கு இருக்கட்டும் என்று நானும் மொட்டையடித்து, மீசையையும் எடுத்துவிட்டு சித்திரையில் புதுமடம் வந்தேன். இருபது வயதில் வைத்த மீசை! ஊரில் எதிரே வந்தவனெல்லாம் "ஏலே வேல்ராசு, யாருக்குடா காரியம்?" என்று கேட்டான். அத்தனையையும் தாங்கிக்கொண்டு வந்து நின்றால் நீ முந்தானையால் முகத்தை மூடி அழுதாய். அந்த மொட்டைக்குச் சிரிக்காதவள் இப்போது யாரைப் பார்த்துச் சிரிக்கிறாய்? சகலை சேதுராமனா? அந்த வாத்தியார் சொல்கிற ஜோக்குக்கு அவருடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே சிரிக்க மாட்டார்களே!

ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து ரெண்டு பஸ் மாற வேண்டும், களத்து மிளகாய் நெடியும் உனக்கு ஆகாது என்றுதான் உன்னைப் புதுமடத்தில் மாலதி வீட்டில் விட்டேன். உடம்பு தேறட்டும் என்று விட்டேன், என்னை மறக்கட்டும் என்று விடவில்லை.

பக்கத்து வீட்டு நாகலெட்சுமி நேற்று அயிரைக் குழம்பு கொடுத்துவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
உன்னுடையவன்தானா என்று சந்தேகம் வந்துவிட்ட
வேல்ராஜ்

*

புதுமடம்
18.6.2024

அன்புள்ள மச்சானுக்கு,

கனகு எழுதிக்கொள்வது. உங்கள் கடிதத்தை மாலதி கையில் கொடுக்காமல் குளியலறைக்குள் வைத்துப் படித்தேன். ஐம்பது வயதில் இது என்ன கூத்து!

என்னைச் சிரிக்க வைத்தது ஒரு ஆடு. பக்கத்து வீட்டுத் தஸ்னீம் வளர்க்கிற ஆடு. நம் மகள் ஜெயப்பிரியா கோயம்புத்தூரிலிருந்து எனக்கு ஒரு டோப்பா முடி வாங்கி அனுப்பியிருந்தாள் அல்லவா? அதை அலசிக் கொடியில் போட்டிருந்தேன். ஆடு அதை இழுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு தெருவோடு ஓட, தஸ்னீம் பின்னாலேயே "அல்லாவே, கனகக்கா முடி, கனகக்கா முடி!" என்று கத்திக்கொண்டு ஓட, எனக்கு அடக்க முடியவில்லை. பாதியை ஆடு தின்றுவிட்டது. மீதியைத் துடைப்பமாகக்கூட வைத்துக்கொள்ள முடியாது.

ஆனால் ஆடு மட்டும் காரணமில்லை. சித்திரையில் அந்த ஆடு என்னையே தூக்கிக்கொண்டு ஓடியிருந்தாலும் நான் சிரித்திருக்க மாட்டேன். உங்களிடம் மறைக்க எனக்குப் பிடிக்கவில்லை. வைகாசி முதல் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். மனசுக்கு. ஆஸ்பத்திரியிலேயே அதற்கென்று ஒரு டாக்டரம்மா இருக்கிறார். அவரும் ஊசி போடுகிற டாக்டரும் பேசிக்கொண்டுதான் கொடுத்தார்கள். எல்லா மாத்திரையும் இந்த வைத்தியத்தோடு ஒத்துப்போகாதாம், பார்த்துத்தான் தர வேண்டுமாம். மூணு வாரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் காபி மணத்தது. அவ்வளவுதான். ஆறு மாதத்துக்குப் பிறகு காபி காபியாக மணத்தது.

பைத்தியத்துக்குத் தருகிற மாத்திரை என்று நினைத்துவிடாதீர்கள். தலையணையிலிருந்து தலையைத் தூக்குவதற்கு ஒரு கை கொடுக்கிறது.

தஸ்னீம்தான் ஆஸ்பத்திரிக்குத் துணை வருகிறாள். கடற்கரைப் பக்கம் என்னைத் தனியாக விட மாட்டேன் என்கிறாள். அவளும் மாலதியும் சேர்ந்துகொண்டு என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி நடத்துகிறார்கள்.

நாகலெட்சுமிக்கு முடி இன்னும் இடுப்புக்குக் கீழேதானே தொங்குகிறது? குழம்பு நன்றாக இருந்தது என்று எழுத உங்களுக்கு எத்தனை தைரியம்! கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்துவிடுங்கள். வாசலில் வைத்தே கொடுங்கள்.

இப்படிக்கு,
கனகு

*

அபிராமம்
25.6.2024

அன்புள்ள கனகுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆடு வரைக்கும் படித்துச் சிரித்தேன். அதற்குக் கீழே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பொம்பளைகளுக்குத்தான் சக்களத்தி வருவாள் என்று நினைத்திருந்தேன். எனக்கும் ஒருத்தி வந்துவிட்டாள். என்ன நிறம் அவள்? வெள்ளையா, சிவப்பா? சுண்டுவிரல் நகம் அளவு இருப்பாளா? நான் ஆறு மாதமாகச் செய்ய முடியாததை அவள் ஒரு மடக்குத் தண்ணீரில் செய்துவிட்டாள். உனக்குப் பிடிக்கும் என்று பரமக்குடி போய் ஜிலேபி வாங்கி வந்தேன், வாய் கசக்கிறது என்று தள்ளிவிட்டாய். கிளிப்பச்சைச் சேலை எடுத்தேன், எந்த மார்பில் போடுவது என்று கேட்டாய். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் சுவரைப் பார்த்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது அந்த மாத்திரைக்கு மட்டும் காபி மணக்கிறதோ?

எனக்கு இது பிடிக்கவில்லை கனகு. அது உன் சிரிப்பா, அதனுடைய சிரிப்பா? மாத்திரைப் பட்டை தீர்ந்துபோனால் சிரிப்பும் தீர்ந்துபோகுமா? என்னிடம் வரும்போது யார் வருவாள், நீயா அவளா? பொறாமைதான். ஆமாம், பொறாமைதான். வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. மனசுக்கு மாத்திரை என்று தெரிந்தால் நம் ஊரில் என்ன பேர் வைப்பார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜெயப்பிரியாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம்.

மதுரையில் உன்னை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனபோது நம் முத்துமாரிக்கு நேர்ந்துகொண்டேன். நீ பிழைத்து வந்தால் ஆடியில் உன் கையால் முளைப்பாரி வளர்த்து, உன் தலையில் ஏந்தி வருவாய் என்று. ஆடி பதினாலாம் தேதி செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. அடுத்த செவ்வாய் ஊர்வலம். ஊசிக்கும் ஊசிக்கும் நடுவில் வருகிறது, கணக்குப் பார்த்துவிட்டேன். ஊசிக்காரர் தந்த மருந்தையெல்லாம் சாப்பிடு. ஆனால் காப்புக் கட்டியதும் அந்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடு. ஆத்தா முன்னால் நீ நீயாக நிற்க வேண்டும். எனக்காகக் கேட்கவில்லை. இல்லை, எனக்காகவும்தான் கேட்கிறேன்.

கிண்ணத்தை வாசலில் வைத்தே கொடுத்தேன்.

இப்படிக்கு,
வேல்ராஜ்

*

புதுமடம்
9.7.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அவள் வெள்ளை. நடுவில் ஒரு கோடு உண்டு. மூக்குத்தி போடவில்லை. போதுமா?

வருகிறேன். ஊருக்குப் போகலாமா என்று ஊசி டாக்டரிடம் கேட்டேன். கூட்டத்தில் நெருக்காமல், வலது கையால் கனம் தூக்காமல் இருந்தால் போகலாம் என்றார். பாரியை இடது கையால் பிடித்துக்கொள்கிறேன். நாகலெட்சுமி கூட வந்தால் வரட்டும். பின்னால் வரச் சொல்லுங்கள்.

மாத்திரையை நிறுத்துவது பற்றி டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பார். மாலதியிடமும் சொல்லவில்லை. பட்டையை இங்கேயே வைத்துவிட்டு வருகிறேன். கையில் இருந்தால் எடுக்கத் தோன்றும். நீங்கள் இத்தனை வருஷத்தில் என்னிடம் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்ட பிறகு முடியாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நான் வரும்போது வீட்டில் மிளகாய் மூட்டை எதுவும் இருக்கக் கூடாது. பெரிய கண்ணாடியைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கனகு

*

அபிராமம்
9.8.2024

கனகுக்கு,

நேற்று வரை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

காப்புக் கட்டி ரெண்டு நாள் நீ நன்றாகத்தானே இருந்தாய்? பாரி வீட்டுக்குள் இருட்டில் உட்கார்ந்து, தட்டாம்பயறும் மொச்சையும் போட்ட உன் சட்டிக்குத் தண்ணீர் தெளித்தாய். "மச்சான், எல்லாத்துக்கும் முந்தி என் சட்டிலதான் முளை விட்டுருக்கு" என்று வந்து சொன்னாய். என் பொண்டாட்டி திரும்பி வந்துவிட்டாள் என்று நான் வரப்பெல்லாம் விசிலடித்துக்கொண்டு போனேன்.

அப்புறம் தலை சுற்றுகிறது என்றாய். தலைக்குள் கரண்ட் அடிக்கிறது என்றாய். விரதக் களைப்பு என்று நினைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை கும்மி நடுவில் அப்படியே உட்கார்ந்து கையைத் தரையில் அடித்து அழுதாய். ஊரே பார்த்தது. என்னவென்று கேட்டால் "எனக்குத் தெரியல, எனக்குத் தெரியல" என்றாய். நான் தொட்டால் உதறினாய்.

யார் போன் போட்டுச் சொன்னார்களோ, மறுநாள் மாலதி கார் பிடித்துக்கொண்டு வந்தாள். "மச்சான், நான் எங்க அக்காவைக் கூட்டிட்டுப் போறேன். நீங்க குறுக்க வராதீங்க" என்றாள். அதைக்கூட விட்டுவிடுவேன். அவளைப் பார்த்ததும் நீ கேட்ட முதல் வார்த்தை என்ன? "மாத்திரை கொண்டாந்தியா?" அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கி, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாய். மஸ்கட்டிலிருந்து நான் வந்து இறங்கிய நாளில்கூட என்னை நோக்கி நீ அப்படிப் பாய்ந்து வந்ததில்லை. கார் கிளம்பும்போது திரும்பி ஒரு பார்வை பார்த்தாயா? இல்லை.

காப்புக் கட்டிய கையோடு ஊர் எல்லையைத் தாண்டிவிட்டாய். அதைப் பற்றி ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறேன். ஊர்வலத்தன்று உன் பாரியை நாகலெட்சுமி தூக்கினாள். முழங்கை உயரம் வளர்ந்திருந்தது. ஊருணியில் அவள் அதைக் கரைத்தபோது எனக்குப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உனக்கு நான் வேண்டுமா, அது வேண்டுமா? அது இல்லாமல் என்னோடு இருக்க முடியாது என்றால் அதோடேயே இருந்துகொள். நான் கூப்பிட மாட்டேன்.

வேல்ராஜ்

*

புதுமடம்
17.8.2024

அன்புள்ள மச்சானுக்கு,

கோபத்தில் நீங்கள் 'அன்புள்ள' போடவில்லை. நான் போட்டிருக்கிறேன்.

என் பாரியை அவள் தூக்கினாள் என்று படித்ததும் இங்கே ஒரு தம்ளர் உடைந்தது. இருட்டில் உட்கார்ந்து நான் வளர்த்தது. அவள் தலையில், அந்த முடிக்கு மேலே. பொறாமை உங்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்த சொத்து என்று நினைக்க வேண்டாம்.

டாக்டரம்மாவிடம் போனேன். திட்டினார். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாதாம். நிறுத்துகிற காலம் வந்தால் அவரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பாராம். தலைக்குள் கரண்ட் அடித்தது அதனால்தான். உங்கள் மேல் தப்பு சொல்லவில்லை. கேட்டது நீங்கள், ஒத்துக்கொண்டது நான்.

மச்சான், நீங்கள் நானா அதுவா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், சொல்லவே கூடாது என்று வைத்திருந்ததைச் சொல்ல வேண்டும்.

சித்திரையில் மொட்டையும் மீசையில்லாத முகமுமாக வந்து நின்றீர்களே, அன்று நான் ஏன் அழுதேன் தெரியுமா? எனக்குக் காரியம் செய்து முடித்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தீர்கள். ஆசையாக வந்தீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. சரி, எல்லாம் முடிந்தது, இவருக்கும் பழகிவிட்டது என்று தோன்றியது. உங்களால் வந்த எண்ணம் இல்லை அது. அதற்கு ரொம்ப நாள் முன்பிருந்தே என்னோடு இருந்தது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் சுவரைப் பார்த்தேன் என்று எழுதினீர்களே, அப்போதும் அதோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ஊருக்குத் திரும்பி நாலைந்து நாள் கழித்து, விடிந்து கொஞ்ச நேரத்தில், மாலதி பால் வாங்கப் போயிருந்தபோது கடற்கரைக்கு நடந்தேன். வள்ளங்களெல்லாம் போய்விட்டிருந்தன. தண்ணீருக்குள் இறங்கினேன். குளிக்க இறங்கவில்லை மச்சான். திரும்பி வருகிற எண்ணம் எனக்கு இல்லை. உங்கள் முகம் ஞாபகத்துக்கு வந்தது. வந்தும் என் கால் நிற்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

இடுப்பளவு போன பிறகு பின்னால் தஸ்னீம் குரல். "அக்கா, சேலை நனையுது பாருங்க, வாங்க." வேறு எதுவும் கேட்கவில்லை. இறங்கி வந்து என் கையைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை. மறுநாள் அவள்தான் என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். அன்று எழுதிக் கொடுத்ததுதான் உங்கள் சக்களத்தி.

நீங்கள் அவளைப் பார்த்து வயிறு எரிகிறீர்கள். அவள் வருவதற்கு முன்னால் நான் யார் பின்னால் போய்க்கொண்டிருந்தேன் என்று பாருங்கள். பொறாமைப்பட வேண்டுமென்றால் அந்தக் கடல் மேல் பொறாமைப்படுங்கள். உங்கள் பொண்டாட்டியை அதனிடமிருந்து பிடுங்கி உங்களிடம் கொடுத்தது அந்த மாத்திரை.

இன்னும் ஒன்று இருக்கிறது. எனக்கும் ஒரு சக்களத்தி உண்டு, நாகலெட்சுமி இல்லை. பழைய கனகு. ரெண்டு மார்போடும் பின்னலோடும் எதற்கெடுத்தாலும் சிரித்தவள். "நீ நீயாக நிற்க வேண்டும்" என்று நீங்கள் எழுதியது அவளைத்தான் தேடி. பெரிய கண்ணாடியைத் திருப்பச் சொன்னேன், திருப்பினீர்கள். ஆனால் அந்த வீட்டில் இருந்த நாளெல்லாம் நீங்களும் ஒருமுறைகூட என் வலது பக்கத்தைப் பார்க்கவில்லை. அவள் வர மாட்டாள் மச்சான். நான்தான் மிச்சம். எனக்கு இன்னும் ஊசி இருக்கிறது, மார்பு எடுத்த இடத்தில் கதிர்க் கரண்ட் வைக்க வேண்டியிருக்கிறது, அப்புறம் வருஷக்கணக்கில் வேறு மாத்திரை. அத்தனையையும் தாண்ட இந்த வெள்ளை மாத்திரையும் எனக்கு வேண்டும். இதோடு சேர்த்து என்னை வைத்துக்கொள்ள முடியுமென்றால் கூப்பிடுங்கள். முடியாதென்றால் கூப்பிட வேண்டாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அழுவேன். ஆனால் கடலுக்குப் போக மாட்டேன்.

காப்பை இன்னும் அவிழ்க்கவில்லை. ஊசி போடுகிற நர்ஸ் கழற்றச் சொன்னாள். முழங்கைக்கு மேலே தள்ளிக்கொண்டேன்.

இப்படிக்கு,
கனகு

*

அபிராமம்
26.8.2024

என் அன்புள்ள கனகுக்கு,

உன் கடிதம் வந்த அன்று படித்துவிட்டு வயலுக்குப் போனேன். மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று வாய்விட்டு அழுதேன். என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே நீ அத்தனை தூரம் போயிருக்கிறாய். நான் ஜிலேபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

நீ விட்டுப்போன மஞ்சப்பையில் டாக்டரம்மா எழுதிய சீட்டு ஒன்று இருந்தது. அவர் எழுதிய எண்ணுக்குப் போன் போட்டு, அதே மாத்திரைதானா, அதே அளவுதானா என்று கேட்டுக்கொண்டு, நேற்றுக் கடைத்தெரு மருந்துக்கடைக்குப் போனேன். சந்தை நாள். நம் தெரு ஆட்கள் நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு ரகசியமாக, "யாருக்கு இது?" என்றார்.

"எம் பொண்டாட்டிக்கு. மனசுக்குப் போடுற மாத்திரை. கேன்சர் ஊசியைத் தாங்கணும்ல, அதுக்கு" என்றேன். எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது.

பெஞ்சிலிருந்து ஒருவர், "ஏலே வேல்ராசு, மெதுவாப் பேசுப்பா. வீட்ல கல்யாணத்துக்குப் பிள்ளை இருக்கு" என்றார்.

"இருக்கட்டும். பிள்ளைக்கு அம்மாவும் இருக்கணும்ல?" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ஜெயப்பிரியாவுக்கும் போன் போட்டுச் சொன்னேன். "அய்யா, எனக்கு வைகாசியிலேயே தெரியும்" என்கிறாள். ஆக எனக்குத்தான் கடைசியில் தெரிந்திருக்கிறது. அதற்கும் கொஞ்சம் வயிறு எரிந்தது.

பட்டையைப் பிரித்துப் பார்த்தேன். நீ சொன்னபடி வெள்ளைதான், நடுவில் கோடு. பார்க்க ஒன்றும் அழகியில்லை. பூஜை மாடத்தில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எனக்கு அவளை இன்னும் பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இனிமேல் அவள் இந்த வீட்டில் இருக்கட்டும். கண்ணாடியைத் திருப்பி நேராக மாட்டிவிட்டேன். உன் வலது பக்கத்தை நான் பார்க்காதது பிடிக்காததால் இல்லை கனகு. பார்த்தால் உனக்கு வலிக்குமோ என்று பயந்துவிட்டேன். இனி பயப்பட மாட்டேன். மீசையும் வளர்ந்துகொண்டிருக்கிறது, பாதி நரை.

பூசாரியிடம் காப்பைப் பற்றிக் கேட்டேன். "கட்டுனவ எங்க இருக்காளோ அங்கனயே அவுத்துத் தண்ணில விடுங்கப்பா. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா" என்றார். வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். மாத்திரையும் கொண்டுவருகிறேன். என் கையால் எடுத்துத் தருகிறேன், நீ சாப்பிடு.

அதற்கப்புறம் என்னை அந்தக் கடற்கரைக்குக் கூட்டிப்போ. நீ இறங்கிய இடம் எது என்று காட்டு. உன் கையைப் பிடித்துக்கொண்டு, காப்பை அவிழ்த்து அங்கேயே விட வேண்டும். அந்தக் கடலையும் நான் ஒருமுறை நேருக்கு நேர் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வயிற்றெரிச்சல் இன்னும் முழுதாக அடங்காத
உன் வேல்ராஜ்